கூச்சத்தை யார் உண்டாக்கினார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணியில் கொஞ்சம் சங்கடத்தோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, பிள்ளைகளை நடன ஒத்திகை என்று சொல்லிப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு முன்வரிசையைப் பிடித்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

போன பொங்கலுக்கு இதே மேடையில் கூட்டுக் குடும்பமா தனிக் குடித்தனமா என்று பேசினோம். இந்தப் பொங்கலுக்கு நடுவர் ஒரே தாவாகத் தாவி, ‘பெயாட்டே ஊஸே சேர்த்த செல்வம் துணிச்சலுக்குக் கிடைத்த கூலியா, கூச்சத்தைச் சுரண்டிய லாபமா?’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டார். ஊஸே, ஜெர்மனியில் ஆணுறையும் பாலியல் பொருள்களும் விற்றுப் பணக்காரரான பெண்மணி. தலைப்பைக் கேட்டதும் என் மாமியார், “நீ எந்தப் பக்கம்?” என்றார். “துணிச்சல் பக்கம்” என்றேன். “அதுதானே பார்த்தேன்” என்று எழுந்து போய்விட்டார். அது பாராட்டா திட்டா என்று இன்னும் தெரியவில்லை.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் நன்றாகப் பேசினார், மறுக்கவில்லை. சொல்லக் கூசுகிற பொருளை விற்றால் யாரும் பேரம் பேச மாட்டார்கள், அதுதான் அந்த அம்மாளின் வியாபார ரகசியம் என்றார். ஹிட்லரின் விமானப்படையில் வேலை பார்த்தவர் என்றார். 1975-க்கு அப்புறம் ஆபாசப் படம் விற்றார் என்றார். கடைசியில் கம்பெனி 2017-இல் திவாலானதைச் சொல்லி, “பாவத்தின் சம்பளம்” என்று முடித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். நாலுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர் சொன்ன வரிசையில் சொல்ல மாட்டேன். எதிராளி போட்ட கோலத்தில் நான் ஏன் புள்ளி வைக்க வேண்டும்?

இந்த ஜெர்மனிக்குப் புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகளுக்காக முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1919-இல், அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். அவர் பிறந்த இடம் இப்போது ரஷ்யாவில் இருக்கிறது. அப்பா விவசாயி. அம்மா டாக்டர், ஜெர்மனியில் மருத்துவம் படித்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். உடம்பைப் பற்றி, பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசிய வீடு. இந்த ஒரு விவரத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். பெண் ஈட்டி எறிந்து பட்டம் வாங்கியது. பதினெட்டு வயதில் விமானம் ஓட்ட உரிமம் எடுத்தது. சொல்லிக்கொடுத்த ஆசிரியரையே கல்யாணம் செய்துகொண்டது. போர் வந்தது. 1944-இல் கணவர் இறந்துபோனார். கையில் ஒரு பிள்ளை.

அந்தப் போர்க்காலத்தைத்தான் அண்ணன் பிடித்துக்கொண்டார். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. கட்டிமுடித்த போர் விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்துப் படைகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கேப்டன் பதவி. அந்த விமானங்கள் யாருக்காகப் பறந்தன, எதற்காகப் பறந்தன என்று நமக்குத் தெரியும். விமானம் ஓட்டத் தெரிந்தது பெருமை, யாருக்கு ஓட்டினார் என்பது பெருமை இல்லை. இதில் உங்களோடு எனக்குச் சண்டையே கிடையாது. ஆனால் அண்ணே, நாஜி என்ற சொல்லை எடுத்தீர்களே, அதைக் கீழே வைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் நான் அதைத் திரும்பக் கேட்பேன்.

1945 ஏப்ரலில் சோவியத் படை பெர்லினைச் சுற்றி வளைத்தது. இரண்டு வயதுகூட நிறையாத மகன், அவனைப் பார்த்துக்கொண்ட பெண், ஒரு மெக்கானிக், காயம்பட்ட இரண்டு பேர், இவர்களை ஒரு சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டி, வடகோடியில் லெக் என்ற ஊரில் இறக்கினார் இந்த அம்மாள். பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து வைத்தார்கள், அப்புறம் விட்டார்கள். விமானப்படையில் இருந்தவர்கள் இனிமேல் விமானத்தைத் தொடக் கூடாது என்று தடை. வயது இருபத்தாறு. விதவை. சொந்த ஊர் இன்னொரு நாட்டுக்குப் போய்விட்டது. தெரிந்த ஒரே தொழில் தடைசெய்யப்பட்ட தொழில். இந்தச் சபையில் பாதிப் பேருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பையும் ஒரு பிள்ளையுமாக இந்த நாட்டில் வந்து இறங்கியவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்!

என்ன செய்தார்? பொத்தானும் பொம்மையும் வாங்கி, வீடு வீடாகப் போய் விற்றார். கிராமத்துப் பெண்கள் கதவைத் திறப்பார்கள். பொத்தான் வாங்குகிற சாக்கில் வாசலில் நின்று பேசுவார்கள். வெளியே போன புருஷன் திரும்பி வந்திருக்கிறான், போரிலிருந்தோ சிறையிலிருந்தோ. வீடு இல்லை, அகதியாக யாரோ ஒருவர் வீட்டில் ஒரு அறை. வேலை இல்லை. ரேஷன் ரொட்டி. இந்த நிலைமையில் வயிற்றில் இன்னொன்று வந்துவிட்டால்? கருக்கலைப்பு குற்றம். அதற்கும் துணிந்தவர்கள் அடுக்களை மேசையில் படுத்துச் செத்தார்கள். டாக்டரிடம் கேட்கலாம் என்றால் டாக்டர் பதில் சொல்ல மாட்டார். பாதிரியாரிடம் கேட்கவே முடியாது.

ஏன் டாக்டர் பதில் சொல்ல மாட்டார்? இப்போது அந்தச் சொல்லைத் திரும்பக் கொடுங்கள் அண்ணே. 1941 ஜனவரியில் ஹிட்லரின் போலீஸ் தலைவர் ஹைன்ரிஷ் ஹிம்லர் ஒரு போலீஸ் உத்தரவு போட்டார். கருத்தடைப் பொருள்களைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆணுறைக்கு மட்டும் விலக்கு. சிப்பாய்களுக்கு நோய் வரக் கூடாதே, அந்தக் கவலை. ஹிட்லர் போனார், ஹிம்லர் போனார், உத்தரவு மட்டும் போகவில்லை. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் பல மாநிலங்களில் அது பல வருடம் உயிரோடு இருந்தது. ஒழுக்கம், பண்பாடு, குடும்பம் என்று பெரிய பெரிய சொற்களைச் சொல்லி அதைக் கட்டிக் காத்தார்கள். நாஜி விமானம் ஓட்டியவர் என்று நீங்கள் சொன்ன அதே பெண்மணிதான் அந்த நாஜி உத்தரவுக்கு எதிர்ப்பக்கம் கடை போட்டவர். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டால் கணக்கு சரியாக வராது.

சரி, வாசலுக்கு வருவோம். அந்தப் பெண்கள் கேட்டது பெரிய விஷயம் எதுவும் இல்லை. பிள்ளை தங்காத நாள் எது? அவ்வளவுதான். இந்த அம்மாளுக்கு அம்மா சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து, ஆஸ்திரியாவின் க்னவுஸ், ஜப்பானின் ஓகினோ என்ற இரண்டு மருத்துவர்கள் கண்டுபிடித்த நாள் கணக்கைப் படித்தார். மாதவிலக்கு நாளிலிருந்து எப்படி எண்ணுவது என்று சாதாரண பாஷையில் எழுதினார். காகிதமே கிடைக்காத காலம். அச்சகத்தாருக்குக் காசுக்குப் பதிலாக வெண்ணெய் கொடுத்து அடித்தார். அதற்கு வைத்த பெயர் ‘ஷ்ரிஃப்ட் எக்ஸ்’, அதாவது எக்ஸ் என்ற சிறு நூல். தலைப்பில்கூட விஷயத்தைச் சொல்ல முடியாத காலம் அது. 1947-க்குள் முப்பத்திரண்டாயிரம் பிரதி போயிற்று.

நான் மருத்துவமனையில் பிரசவப் பிரிவில் வேலை பார்க்கிறவள். இன்றைக்கு ஒரு பெண் வந்து, நாள் கணக்கை மட்டும் நம்பலாமா அக்கா என்று கேட்டால், நம்பாதே கண்ணே, பத்து மாதம் கழித்து நம்மிடமே வருவாய் என்றுதான் சொல்வேன். அது அவ்வளவு உறுதியான முறை இல்லை. ஆனால் 1946-இல் அந்த வாசலில் நின்ற பெண்ணிடம் இருந்தது என்ன? ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததற்கும் ஒரு சிறு புத்தகத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று ஆண்களாகிய உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது? மாதக் கடைசியில் ஒரு வாரம் தள்ளிப்போனால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்றால் என்ன என்று பக்கத்தில் இருக்கிற அண்ணியைக் கேட்டுப் பாருங்கள். இங்கே வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

இங்கேதான் எதிரணியின் முதல் வாதம் ஆட்டம் காண்கிறது. கூச்சத்தைச் சுரண்டினார் என்கிறீர்கள். அந்தக் கூச்சத்தை யார் உண்டாக்கினார்கள்? பெயாட்டே ஊஸேயா? போலீஸ் உத்தரவு போட்டவர்கள், பதில் சொல்ல மறுத்த டாக்டர்கள், கேட்டாலே பாவம் என்ற தேவாலயம், இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு சாதாரணக் கேள்விக்கு அநியாய விலை வைத்திருந்தார்கள். சில பெண்கள் அந்த விலையை உயிராகவே கொடுத்தார்கள். இவர் வந்து விலையைக் குறைத்தார். விலையைக் குறைத்தவரைச் சுரண்டினார் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

1951-இல் நாலு ஊழியர்களை வைத்துத் தபால் வழி வியாபாரம் தொடங்கினார், ஃபிளென்ஸ்பர்க்கில். ஃபிளென்ஸ்பர்க் என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் நெளிகிறார்கள் பாருங்கள். நம் ஆட்களுக்கு அந்த ஊர் தெரிந்ததே வேகமாகக் கார் ஓட்டி வாங்கிய அபராதப் புள்ளிகளால்தான். அந்தப் புள்ளிக் கணக்கு வைத்திருக்கும் அலுவலகம் அதே ஊரில்தான். டென்மார்க் எல்லைக்குப் பக்கத்துச் சின்ன ஊர். அங்கிருந்து, மேலே எந்த அடையாளமும் இல்லாத பொட்டலங்கள் நாடு முழுக்கப் போயின. உள்ளே ஆணுறை, மருத்துவப் புத்தகங்கள், அப்புறம் தாம்பத்தியம் பற்றிய கையேடுகள். முதல் பட்டியல்களில் ஒன்றின் தலைப்பு, ‘எங்கள் திருமண வாழ்க்கையில் எல்லாம் சரியாக இருக்கிறதா?’ கவனியுங்கள், திருமண வாழ்க்கை. அன்றைக்குச் சட்டம் அப்படி. திருமணமாகாத ஜோடிக்கு வீட்டுக்காரர் அறை கொடுத்தாலே வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருந்தது.

அந்தக் காலத்துப் பெண் எப்படி இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த வியாபாரத்தின் எடை தெரியாது. 1958 வரை மேற்கு ஜெர்மனியில் மனைவி பார்க்கும் வேலையைக் கணவன் நினைத்தால் நிறுத்திவிடலாம். முதலாளியிடம் போய், என் பெண்டாட்டி நாளையிலிருந்து வர மாட்டாள் என்று சொல்லும் உரிமை சட்டப்படி இருந்தது. வீட்டுக் கடமைக்குக் குறை வராத அளவுக்குத்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை இருந்தது. ஜெர்மனியில்தான் சொல்கிறேன், எங்கேயோ மலைக்கிராமத்தில் இல்லை. அப்படிப்பட்ட நாட்டில், ஒரு பெண் தன் பெயரையே பலகையில் எழுதி, இந்தப் பொருளை விற்றார். தன் படத்தையும் போட்டார். பினாமி பெயரில் செய்திருக்கலாம், கணவர் பெயரில் செய்திருக்கலாம். இரண்டாம் கணவரே வியாபாரக் குடும்பத்து ஆள்தான். செய்யவில்லை.

அப்புறம் 1962. இந்தக் கதையை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. உலகத்தின் முதல் பாலியல் கடை என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். அன்றைக்குப் பலகையில் ‘தாம்பத்திய சுகாதாரச் சிறப்பங்காடி’ என்கிற தோரணையில் ஒரு பெயர். ஏதோ சித்த வைத்தியசாலை மாதிரி. திறந்த நாள் டிசம்பர் 17. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு, தேவாலயத்தில் கீர்த்தனை. ஏன் அந்த நாள்? ஊர்க்காரர்கள் கொதித்துப்போய்க் கண்ணாடியை உடைக்க வருவார்கள் என்ற பயம் இருந்தது. பண்டிகைச் சமயத்தில், சமாதானம் பேசும் வாரத்தில், எவரும் கல்லெடுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். இது வெறும் தைரியம் இல்லை நடுவர் அவர்களே, பயத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே தேதி குறிக்கிற புத்தி. போர்க்காலத்தில் எரிபொருள் எவ்வளவு, இறங்குமிடம் எங்கே என்று பார்த்துப் பறந்த அதே புத்தி.

கண்ணாடி தப்பியது, வழக்குகள் தப்பவில்லை. 1992 வரைக்கும் அவர்மேல் வந்த புகார்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பட்டியலைக் கேட்காமல் அனுப்பி அவமானப்படுத்திவிட்டார் என்று புகார். ஒழுக்கத்துக்கு மாறாக ஆசையைத் தூண்டும் பொருள் விற்றார் என்று புகார். கொலோனில் ஃபோல்க்ஸ்வார்ட்புண்ட் என்ற கத்தோலிக்க அமைப்பு, ஆபாச ஒழிப்புக்கென்றே புகார் எழுதிக் குவித்துக்கொண்டிருந்த காலம். கேட்காதவர் வீட்டுக்குப் பட்டியல் அனுப்பியது தப்புதான், அதை ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு நம் மின்னஞ்சலில் வருகிற குப்பையைப் பார்க்கிறபோது அந்தக் கோபம் எனக்கே புரிகிறது. ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். கூச்சத்தை வைத்துப் பிழைப்பவர் என்ன செய்வார்? கூச்சம் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பார். இருட்டு இருந்தால்தானே திரை மறைவு வியாபாரம் நடக்கும்! இவர் கோர்ட்டுக்குக் கோர்ட் போய், இது கேவலமான விஷயம் இல்லை என்று வாதாடினார். ஒவ்வொரு வழக்கிலும் அந்தக் கூச்சத்தில் ஒரு செங்கல் உருவப்பட்டது. தன் லாபத்தின் அஸ்திவாரத்தைத் தானே இடிக்கிற சுரண்டல்காரரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அண்ணன் சிரிக்கிறார். வியாபாரம் பெருகத்தானே வாதாடினார் என்பது அந்தச் சிரிப்பு. ஆமாம், வியாபாரத்துக்குத்தான். அவர் காந்தி என்று நான் சொல்லவே இல்லையே! தலைப்பே செல்வம் பற்றியது. இங்கேதான் எனக்கு நிஜமாகவே ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

1877-இல் லண்டனில் ஒரு பெண், கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை மறுபதிப்புச் செய்ததற்காகக் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார். மேல்முறையீட்டில் தண்டனை நிற்கவில்லை. ஆனால் அடுத்த வருடமே, இப்படிப்பட்ட தாயிடம் பிள்ளை வளரக் கூடாது என்று அவருடைய மகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் யார்? நம் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் அடையாறில் வந்து வாழ்ந்தாரே, காங்கிரஸ் தலைவராக இருந்தாரே, அவரேதான். பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டவர்கள் எல்லோரும், ஒரு காலத்தில் ஆபாச நூல் பதிப்பாளர் என்று குற்றம்சாட்டப்பட்ட பெண்ணின் பெயரில் உள்ள ஊரில்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவரைக் கும்பிடுகிறோம். ஏன்? அவர் காசு பார்க்கவில்லை. ஊஸே காசு பார்த்தார், அதனால் பட்டிமன்றம்.

பெண் நல்லது செய்தால் இலவசமாகச் செய்ய வேண்டும். சம்பாதித்துவிட்டால் அதில் ஏதோ கறை இருக்கிறது. இந்த எண்ணம் நமக்குள் எவ்வளவு ஆழமாக இருக்கிறது பாருங்கள். 1961 ஜூனில் பெர்லினின் ஷெரிங் கம்பெனி இதே மேற்கு ஜெர்மனியில் கருத்தடை மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவர்களும் நேராகச் சொல்லவில்லை. மாதவிலக்குக் கோளாறுக்கு மருந்து என்று சொல்லித்தான் மெதுவாக நுழைந்தார்கள். கல்யாணமான பெண்களுக்கு மட்டும்தான் முதலில் கொடுத்தார்கள். அதே கூச்சம், அதே மறைப்பு, அதே வாடிக்கையாளர். ஷெரிங் முதலாளிமார் சேர்த்த செல்வம் துணிச்சலா சுரண்டலா என்று எந்த ஊரிலாவது பட்டிமன்றம் நடந்திருக்கிறதா? கோட்டுப் போட்ட ஆண்கள் விற்றால் மருந்துத் துறை. பெயர் போட்டு ஒரு பெண் விற்றால் சர்ச்சை.

ஃபிளென்ஸ்பர்க்கில் அவர் டென்னிஸ் கிளப்பில் சேர விண்ணப்பித்தார். பொதுவான ஆட்சேபங்கள் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். ஊருக்கே வேலை கொடுக்கிற முதலாளி, வரி கட்டுகிறவர். பந்து விளையாட மட்டும் தகுதி இல்லை. அந்தக் கிளப் உறுப்பினர் வீடுகளில் அடையாளமில்லாத பொட்டலம் ஒன்றுகூட வந்ததில்லையா என்று கேட்க எனக்கு ஆசை. 1989-இல் இதே நாடு அவருக்குக் கூட்டாட்சியின் சிலுவை விருதைக் கொடுத்தது. அரசாங்கம் பதக்கம் கொடுத்த கைக்கு கிளப்பில் மட்டை கிடைக்கவில்லை.

இனி கஷ்டமான இடம். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இருந்தாலும் இதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. 1969-இல் டென்மார்க் ஆபாசப் படங்களுக்கான தடையை நீக்கியது. 1975 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியிலும் பெரியவர்களுக்கு அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதற்கு அப்புறம் அவருடைய நிறுவனம் படங்களிலும் திரையரங்குகளிலும் இறங்கியது, பெரிய பணம் பார்த்தது. 1987-இல் பெண்ணியவாதி அலிஸ் ஷ்வார்ட்ஸர் தன் ‘எம்மா’ பத்திரிகை வழியாக ஆபாசத்துக்கு எதிராகப் பெரிய இயக்கம் நடத்தினார். பெண்ணின் உடம்பை ஆண் கண்ணுக்கு விருந்தாக விற்பது விடுதலை ஆகாது என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அந்தத் திரையரங்குகளுக்கு வக்காலத்து வாங்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. வாசலில் நின்று பெண்கள் சொன்னதைக் கேட்டுத் தொடங்கிய ஒரு கடை, ஒரு கட்டத்தில் ஆண்கள் கேட்பதை மட்டும் கேட்கத் தொடங்கிவிட்டது என்று எனக்கும் தோன்றுகிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டிப் போகும்போது நானும் நடையைக் கூட்டியிருக்கிறேன்.

ஆனால் தலைப்புக்கு வாருங்கள். 1975-இல் வந்து சேர்ந்த ஆள் இல்லை அவர். அதற்கு முன்னால் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டாகத் தபாலில் ஆணுறையும் புத்தகமும் அனுப்பி, கடைகள் திறந்து, வழக்குகளைச் சுமந்து வளர்ந்த நிறுவனம் அது. படம் வந்தபோது அவரிடம் ஏற்கெனவே பெயர் இருந்தது, வாடிக்கையாளர் இருந்தார்கள், நம்பிக்கை இருந்தது. சட்டம் திறந்துவிட்ட பிறகு படம் விற்க எவனாலும் முடியும், பல பேர் விற்றார்கள். அந்தப் பல பேரில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. இவர் பெயர் தெரிகிறது. சட்டம் மூடியிருந்த காலத்தில் நின்றதனால் தெரிகிறது. அந்தப் பெயருக்குத்தான் காசு வந்தது. 1999-இல் பிராங்க்ஃபர்ட் பங்குச் சந்தையில் நிறுவனம் இறங்கியபோது பங்கு கேட்டு மக்கள் போட்டி போட்டதும் அந்தப் பெயருக்காகத்தான். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. எழுபத்தைந்து வயதில் கடலடி நீச்சல் பழகியவர் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன், நம் வீட்டுப் பெரியம்மாக்களுக்கு உதவும்.

அப்புறம் அந்த “பாவத்தின் சம்பளம்”. 2001-இல் அவர் இறந்துபோனார். கம்பெனி திவால் மனு கொடுத்தது 2017 டிசம்பரில். நடுவில் பதினாறு வருடம். இணையம் வந்தது, வீட்டில் உட்கார்ந்தபடி எல்லாமே கைக்கு வந்தது, பாதி இலவசமாக. கடை விழுந்தது. இது பாவம் என்றால், 2009-இல் க்வெல்லே விழுந்ததே, சட்டையும் சலவை இயந்திரமும் தபாலில் விற்ற கம்பெனி, அது செய்த பாவம் என்ன? 2012-இல் ஷ்லெக்கர் விழுந்ததே, சோப்பும் குழந்தைத் துணியும் விற்றவர்கள், அவர்கள் எந்தப் பாவத்துக்குச் சம்பளம் வாங்கினார்கள்? வியாபாரம் நொடித்தால் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள் அண்ணே, வேதப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இன்றைக்கு இந்த நாட்டில் ஆணுறை எங்கே கிடைக்கிறது? பல்பொடிக்குப் பக்கத்து அலமாரியில். ஷாம்பு எடுக்கிற கையால் எடுத்துக் கூடையில் போடுகிறார்கள், காசு வாங்குகிற பெண் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அப்படி ஆன பிறகு அடையாளமில்லாத பொட்டலத்துக்கு என்ன வேலை? கூச்சம் போனதும் கடையும் போயிற்று. கூச்சத்தைச் சுரண்டினார் என்று நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால், அந்தக் கூச்சம் போவதற்கு ஐம்பது வருடம் காசு செலவழித்தவர் அவரேதானே?

மணி அடித்துவிட்டார் நடுவர். இதோ முடிக்கிறேன். எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வரும் தம்பி குறிப்புத் தாளை மடித்து மடித்து விரிப்பதைப் பார்க்கிறேன். தம்பி, குறிப்பில் இல்லாத ஒரு கேள்வி கேட்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 1946-இல், புருஷன் வேலையில்லாமல் திரும்பி வந்த ஒரு பெண். டாக்டர் சொல்ல மாட்டார். பாதிரியார் சொல்ல மாட்டார். சட்டம் ஹிம்லர் போட்ட சட்டம். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம். அவள் யாரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும்? ஒரு பெயர் சொல்லிவிட்டு அப்புறம் சுரண்டலைப் பற்றிப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.